பெட்ரோல் இல்லாத ஓட்டுநர் பள்ளி

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதையை இன்னொருவருடைய புத்தகத்தின் கடைசித் தாள்களில் எழுதிக்கொண்டிருக்கிறேன். புத்தகம் மேடத்தின் அண்ணனுடையது. கெட்ட காலத்தில் ஒரு தொழிலைத் தலைமை தாங்கி நடத்துவது எப்படி என்று சொல்லித்தருகிற புத்தகம். அட்டையில் கோட்டுப் போட்ட ஒருவர் மலை உச்சியில் நின்று எங்கேயோ கையை நீட்டுகிறார். அங்கே என்ன இருக்கிறது என்று அட்டையில் காட்டவில்லை. பின்பக்கம் 'உங்கள் குறிப்புகளுக்கு' என்று கொஞ்சம் வெற்றுத் தாள் விட்டிருக்கிறார்கள். அண்ணன் ஒரு வெள்ளிக்கிழமை இதைக் கார் கூரைமேல் வைத்துவிட்டு மறந்துபோனார். [ஏன் கூரைமேல் என்பது பின்னால் வரும். வந்தாக வேண்டும்.]

புத்தகத்தை முழுக்கப் படித்துவிட்டேன். நல்ல புத்தகம்தான். துணிச்சலுக்கு ஓர் அத்தியாயம், சிக்கனத்துக்கு ஓர் அத்தியாயம், புன்னகைக்குக்கூட ஒன்று இருக்கிறது. காரைத் தள்ளுவதைப் பற்றி மட்டும் ஒரு வரி இல்லை. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் இதை எழுதுகிறேன். பகுதிக்கு எண் போடுவதும் இந்தப் புத்தகத்தைப் பார்த்துத்தான்.

ஆரம்பம்தான் பிடிபடவில்லை. எழுதிப் பார்த்தவற்றை அடிக்காமல் விடுகிறேன், நீங்களே பாருங்கள்.

"அன்று காலை சூரியன் —" வேண்டாம். சூரியன் தினமும்தான் வருகிறது.

"பெட்ரோல் பங்க்குகளின் முன்னால் கண்ணுக்கெட்டிய தூரம்வரை வண்டிகள் —" இதைச் செய்தித்தாள்காரர்கள் எழுதித் தீர்த்துவிட்டார்கள்.

"மேடத்துக்குக் கார் ஓட்டத் தெரியாது."

இது நன்றாக இருக்கிறது. பொய்யாகவும் இருக்கிறது, ஆனால் முழுப் பொய் இல்லை. இதையே வைத்துக்கொள்கிறேன்.

2

மேடத்துக்குக் கார் ஓட்டத் தெரியாது. அதாவது, தெரியும். ஓட்டுநர் பள்ளி நடத்துகிறவருக்குத் தெரியாமல் இருக்குமா? ஆனால் பள்ளி ஆரம்பித்த நாளிலிருந்து அவர் உட்காருவது ஓட்டுகிறவருக்குப் பக்கத்து இருக்கையில். அந்தப் பக்கம் காலடியில் இன்னொரு பிரேக் உண்டு. ஸ்டியரிங் கிடையாது, ஆக்ஸிலரேட்டர் கிடையாது. அங்கிருந்து வண்டியை நிறுத்த முடியும். போக வைக்க முடியாது. வருஷக்கணக்காக அதிலேயே உட்கார்ந்து அவருடைய வலது கால் தனி ஆளாகிவிட்டது.

பஸ்ஸில் போனால் கால் தகரத்தை மிதிக்கும். டிவியில் கார் பறந்தால் சோபாவின் முன்னால் தரையை மிதிக்கும். வீட்டில் கணவர் ஏதாவது புதுத் திட்டம் சொல்ல வாயெடுத்தாலும் மிதிக்கும். "முகத்தை நான் பாக்கறதே இல்லை, காலைத்தான் பாப்பேன். கால் அசைஞ்சா விஷயத்தை மாத்திடுவேன்" என்பார் அவர். மாணவர்கள் வைத்த பெயர் பிரேக் மேடம். அந்தப் பெயர் மேடத்துக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருப்பார்.

பள்ளி, டயர் கடைக்கு மேலே ஒரே அறை. எந்நேரமும் ரப்பர் வாசனை. சுவர் முழுக்கச் சாலைக் குறிகள். நடு மேசையில் அட்டையில் வரைந்த நாற்சந்தி, அதில் தீப்பெட்டி அளவுக் கார்கள். ஒரு காருக்குச் சக்கரம் போய்விட்டது. எப்போதும் தப்புச் செய்கிற கார் அதுதான். வாசலை ஒட்டி வரவேற்பு மேசை. அங்கே போன் எடுக்கிற பெண்.

[இந்தப் பெண் கதைக்குத் தேவையா என்று எனக்குச் சந்தேகம். போனில் கணீரென்று பேசுவாள், ஏனென்றால் போனில் முகம் தெரியாது. நேரில் யாராவது வந்து நின்றால் பேனா மூடி விழுந்துவிட்ட மாதிரி மேசைக்கு அடியில் குனிந்துவிடுவாள். இப்படி ஓர் ஆளை வைத்துக்கொண்டு கதையில் என்ன செய்வது? முடிந்தால் வெட்டிவிடுகிறேன்.]

3

பெட்ரோல் நின்றுபோனது. ஏன் நின்றது என்று தெரிந்தவர்கள் டிவியில் பேசினார்கள். எப்போது வரும் என்று கேட்டால் அவர்களும் பேனா மூடியைத் தேடினார்கள்.

மற்ற ஓட்டுநர் பள்ளிகள் ஷட்டரை இறக்கிவிட்டன. லைசென்ஸ் ஆபீஸ் மட்டும் அசரவில்லை. தேர்வு உண்டு, தேர்வு வண்டிக்கான பெட்ரோலை நாங்களே ஊற்றிக்கொள்வோம் என்று அறிவித்துவிட்டது. பயிற்சிக்கு? அது அவரவர் பாடு. ஆக, மாணவர்கள் தேர்வுக்குப் போக வேண்டும், ஆனால் ஓட்டிப் பழக முடியாது. ஒருவர் பின் ஒருவராகப் போன் செய்து விலகிக்கொள்கிறோம் என்றார்கள். அந்தப் பெண்ணும் சளைக்காமல், "மூடலைங்க, யாரு சொன்னா மூடிட்டோம்னு? மேடம் வந்ததும் கண்டிப்பா —"

[இருங்கள். போன் அடிக்கிறது.]

[வந்துவிட்டேன். எங்கே விட்டேன்? ஆமாம், அண்ணன் வருகிற இடம்.]

அண்ணனுக்குப் பள்ளியில் பாதிப் பங்கு. பக்கத்து ஊரில் ஃப்ரிட்ஜ் கடை வைத்திருக்கிறார். பெட்ரோல் இல்லாததால் சைக்கிளில் வந்து, படியேறி, மூச்சு அடங்குவதற்குள் சொன்னார்:

"வண்டியை வித்துடலாம்மா. வெள்ளிக்கிழமை ஒருத்தர் பாக்க வர்றார்."

"காரை வித்துட்டு ஓட்டுநர் பள்ளி நடத்தறதா? குளத்தை வித்துட்டு நீச்சல் சொல்லித் தர்ற மாதிரியா?"

"பள்ளியையே மூடச் சொல்றேன். எங்க நிறுத்தணும்னு தெரிஞ்சவன்தான் தலைவன். புத்தகத்துலயே போட்டிருக்கு, பாரு."

"நிறுத்தறதைப் பத்தி எனக்கே பாடமாண்ணா?"

அண்ணன் சிரித்துவிட்டார். பிறகு குரலை இறக்கினார். "என் கடையிலயும் ஆள் வரலைம்மா. ரெண்டு பேரும் ஒண்ணா மூழ்க வேண்டாம்னுதான் சொல்றேன். உனக்குக் கெட்டது நினைப்பேனா?"

நினைக்க மாட்டார். [இந்த அண்ணனைக் கெட்டவராக்கினால் கதை சுலபமாகிவிடும். முயன்றேன். மீசையை முறுக்கவிட்டுப் பார்த்தேன். அவருக்கு மீசையே இல்லை.]

"வெள்ளிக்கிழமை வரைக்கும் விடு" என்றார் மேடம்.

"அதுக்குள்ள பெட்ரோல் வந்துடுமா?"

"ஆளுங்க வருவாங்க."

"சரி. வெள்ளிக்கிழமை நான் வரும்போது இங்க வகுப்பு நடந்துட்டிருந்தா நான் வாயே திறக்க மாட்டேன். நடக்கலைன்னா சாவியைக் கொடுத்துடணும்."

மேடத்தின் கால் தரையை மிதித்தது. வாய் மட்டும் "சரி" என்றது.

4

மேடம் முதலில் செய்தது நாற்காலி வகுப்பு. முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. ஸ்டியரிங்குக்கு டீத் தட்டு, கியருக்கு மடக்கிய குடை, காலுக்குக் கீழே டயர் கடையில் வாங்கிய ரப்பர்த் துண்டுகள்.

விலகாமல் மிச்சமிருந்தவர்களில் இரண்டு பேரை உங்களுக்குத் தெரிந்தால் போதும். ஒருவர் பல் டாக்டர். போகும்போதெல்லாம் தேர்வில் தோற்று வருகிறவர். யாராவது பக்கத்தில் "ஐயோ" என்றால் கை கால் எல்லாம் விறைத்துவிடும். இன்னொருவர் தையல் மாஸ்டர். மிஷினை மிதித்து மிதித்துப் பழகியவர், கிளட்ச்சையும் அப்படியே தடதடவென்று மிதிப்பார்.

அன்று டாக்டர் கையில் டீத் தட்டு.

"திரும்பப் போறோம் டாக்டர். கண்ணாடியைப் பாருங்க."

"கண்ணாடி எங்க மேடம் இருக்கு?"

"இருக்கறதா நினைச்சுக்கோங்க."

"நினைச்சுட்டேன். ஐயையோ, பின்னாடி லாரி வருது மேடம்!"

"லாரியை யாரு நினைக்கச் சொன்னா?"

"டாக்டர் சார், நினைச்சதுதான் நினைச்சீங்க," என்றார் பின்னாலிருந்து மாஸ்டர், "கொஞ்சம் தள்ளி வர்ற மாதிரி நினைக்கக் கூடாதா? அது என் மேலதான முதல்ல ஏறும்?"

மேடம் மிதித்தார். பழக்க தோஷம், நாற்காலியில் இருந்த அத்தனை பேரும் முன்னால் சாய்ந்தார்கள். மாஸ்டரின் மூக்கு டாக்டரின் முதுகில் இடித்தது. நகராத வண்டியில் பிரேக் போட்டுக் காயம்பட்ட முதல் ஆள் அநேகமாக அவராகத்தான் இருப்பார். கீழே டயர் கடையிலிருந்து, "மேல என்னங்க விழுந்துச்சு?" என்று குரல் வந்தது.

எல்லாரும் சிரித்து ஓய்ந்தபிறகு டாக்டர் தட்டை மடியில் வைத்துக்கொண்டார்.

"மேடம், கோவிச்சுக்காதீங்க. இதுல எனக்குப் பயமே வரலை."

"நல்லதுதானே?"

"நான் பயத்தோட ஓட்டத்தான் கத்துக்கணும். நாற்காலியில பயமில்லாம உக்கார எனக்கு ஏற்கெனவே தெரியும். பயப்படறவங்களை உக்கார வைக்கறதுதானே என் தொழிலே."

வியாழக்கிழமை ஆகிவிட்டிருந்தது. மேடம் நாற்காலிகளைச் சுவரோரமாக அடுக்கத் தொடங்கினார், கடை மூடுகிறவர்கள் அடுக்குகிற மாதிரி.

5

இந்த இடத்தில் ஒருவர் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். யார் சொன்னார்கள் என்பதில் எனக்குத் தடுமாற்றம்.

முதல் முறை மேடமே சொல்வதாக எழுதினேன். ஜன்னலருகே போகிறார், தண்ணீர் கேன் வண்டியை ஒருவர் தள்ளிக்கொண்டு போகிறார், மேடத்தின் முகம் பிரகாசமாக — புத்தகத்தில் தலைவர்களுக்கு ஜன்னலில்தான் யோசனை வருகிறது. ஆனால் எங்கள் ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் சுவர்.

இரண்டாம் முறை மாஸ்டருக்குக் கொடுத்தேன். அவரிடமே கேட்டேன், "நீங்க சொன்னதா எழுதிக்கவா?" என்று. "நான் சொல்லலையேம்மா. ஆனா எழுதிக்கோ, நல்லாத்தான் இருக்கு" என்றார். இவ்வளவு நல்ல மனுஷரைப் பொய்சாட்சி ஆக்கக் கூடாது.

நடந்தது இதுதான். போன் அடிக்கவில்லை. ஆனாலும் அந்தப் பெண் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டாள். அறைக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்துகொண்டு, கணீரென்று பேசினாள்:

"வணக்கங்க. ஆமாங்க, பள்ளி இருக்குங்க. பெட்ரோல் இல்லைங்க. தள்ளி ஓட்டுவாங்க. ஒருத்தர் உள்ள உக்காந்து ஓட்டுவார், மத்தவங்க தள்ளுவாங்க, அப்புறம் ஆள் மாத்திக்குவாங்க. ரோடெல்லாம் காலியாத்தானே கிடக்கு? புதுசாக் கத்துக்கறவங்களுக்கு இப்படி ஒரு ரோடு எப்பங்க கிடைக்கும்? சரிங்க, வெச்சுடறேன்."

மேடம் கையில் ஒரு நாற்காலியோடு நின்றார்.

"யாரு பாப்பா போன்ல?"

"ராங் நம்பர் மேடம்."

மேடம் அவளையே பார்த்தார். அவள் பேனா மூடியைத் தேடினாள். அவர் கால் மட்டும் அசையவில்லை. அதை நான் பார்த்தேன், மேசைக்கு அடியிலிருந்து பார்த்தால் கால்தானே தெரியும்.

ஆமாம், அது நான்தான். போதுமா? இனிமேலும் 'அந்தப் பெண்' என்றே எழுதுகிறேன். 'நான்' என்று எழுதினால் பேனாவும் குனிந்துகொள்கிறது.

6

வெள்ளிக்கிழமை காலை, டயர் கடைக்கு முன்னால். சாவியைப் பாதி திருப்பி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். கியர் நியூட்ரலில். இன்ஜின் ஓடாதபோது பிரேக் கல் மாதிரி இருக்கும், பலமாக மிதிக்க வேண்டும். இவ்வளவும் சொல்லிவிட்டு மேடம் வழக்கம்போலப் பக்கத்து இருக்கையில் ஏறிக்கொண்டார்.

[ஹேண்ட் பிரேக்? அது எப்போதோ போய்விட்டது. மேடம் பக்கத்தில் இருக்கும்போது அது எதற்கு என்று யாரும் சரிசெய்யவில்லை. அன்று சாயங்காலமே சரிசெய்துவிட்டார்கள். பயப்படாமல் வந்து சேருங்கள்.]

மாஸ்டர் ஓட்டினார், டாக்டரும் இன்னும் சிலரும் தள்ளினார்கள். அப்போதுதான் யாரும் எதிர்பார்க்காத ஒன்று தெரியவந்தது. ஓட்டுகிறவர் எப்படி ஓட்டுகிறார் என்பது பின்னால் தள்ளுகிறவரின் உள்ளங்கைக்குத் தெரிந்துவிடுகிறது. பிரேக்கை முரட்டுத்தனமாக மிதித்தால் தோள்பட்டை சொல்லிவிடும். "மாஸ்டர், இது தையல் மிஷின் இல்லை!" என்று பின்னாலிருந்து கத்தினார்கள். அடுத்த முறை மாஸ்டர் துணிமேல் கை வைப்பது போலக் காலை வைத்தார். மேடம் சொல்லிச் சொல்லி வராதது, தள்ளியவர்களின் வசவில் வந்துவிட்டது.

பால்கனிகளில் தலைகள் முளைத்தன. "தள்ளறதுக்கு எவ்வளவு, ஓட்டறதுக்கு எவ்வளவு?" என்று ஒருவர் மேலேயிருந்து கேட்டார். "ரெண்டும் சேர்த்துதான், கீழ இறங்கி வாங்க" என்றார் மேடம். அவர் வந்தேவிட்டார்.

ஒரே ஒரு தொல்லை. ஒரு நாய் குறுக்கே வர நினைத்தால் போதும், மேடம் தன் பக்கத்துப் பிரேக்கை மிதித்துவிடுவார். வண்டி கல்லாக நிற்கும், தள்ளுகிறவர்கள் மொத்தமாக வந்து மோதுவார்கள். மூன்றாவது தடவை டாக்டரின் தாடை டிக்கியில் இடித்தது. தன் பற்களைத் தானே நாக்கால் எண்ணிப் பார்த்துவிட்டு ஜன்னலருகே வந்தார்.

"மேடம், நீங்க இறங்கிடுங்க."

"நான் இறங்கிட்டா யாரு நிறுத்துவா?"

"ஓட்டறவர்தான்."

"உங்களை நம்பியா?"

"என்னை நம்பாமலா எனக்கு இத்தனை நாள் சொல்லிக்கொடுத்தீங்க?"

[இந்த வரியை நான் மெருகேற்றவில்லை. அவர் அப்படியேதான் சொன்னார். பிறகு அவரே பயந்துபோய், "சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்" என்றார்.]

மேடம் இறங்கினார். செருப்பைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டு வண்டியின் பின்னால் போய் நின்றார். அந்தக் கார் அவர் பள்ளியின் ஒரே கார். அதன் பின்பக்கத்தை இவ்வளவு கிட்டத்தில் அவர் பார்த்ததில்லை. டிக்கி முழுக்க விரல் தடங்கள்.

"டாக்டர், நீங்க ஏறுங்க" என்றார்.

7

எங்கள் தெரு கடைசியில் சற்று இறங்கும். நடந்தால் தெரியாது. தள்ளினால் தெரியும்: திடீரென்று கைக்கு வேலை இல்லாமல் போகும்.

அப்படித்தான் போயிற்று. கார் மேடத்தின் கையிலிருந்து ஒரு விரல் விலகியது, ஒரு சாண் விலகியது, பிறகு தானாகவே போனது. உள்ளே டாக்டர் தனியாக. சரிவின் அடியில் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். ஒருவர் கார் வாங்க வந்தவர். இன்னொருவர் மார்போடு புத்தகத்தை அணைத்தபடி அண்ணன்.

மேடத்தின் கால் மிதித்தது. வெறும் ரோடு. மறுபடியும் மிதித்தது. "ஐயோ" என்று வாய் திறந்தது. திறந்ததும், அந்த ஒரு சொல்லுக்கு டாக்டரின் கை கால் என்ன ஆகும் என்பது ஞாபகம் வந்தது. தன் கையாலேயே தன் வாயைப் பொத்திக்கொண்டார். பக்கத்தில் மாஸ்டர் கத்தப் போனார். மேடம் இன்னொரு கையால் அவர் வாயையும் பொத்தினார்.

கார் போனது. போனது. பிறகு மெதுவாக, தூங்குகிற குழந்தையைப் படுக்க வைப்பது போல, நின்றது. அண்ணனின் செருப்புக்கும் டயருக்கும் நடுவில் அந்தப் புத்தகத்தைப் படுக்க வைக்கலாம், அவ்வளவு இடம்.

டாக்டர் இறங்காமல் ஜன்னல் வழியே தலையை நீட்டினார். "மேடம்! பயந்துட்டே நிறுத்திட்டேன் மேடம்!"

மேடம் ஓடி வந்து சேர்ந்தார். "வகுப்பு நடக்குதுண்ணா."

"நடக்குதா, உருளுதா?" என்றார் அண்ணன்.

8

இங்கே முடித்துவிடலாம். சில முடிவுகளை எழுதியும் பார்த்தேன்.

கார் வாங்க வந்தவர் கண் கலங்கி, "எனக்கு வண்டி வேண்டாங்க, ஓட்டக் கத்துக்கொடுங்க" என்கிறார். வெட்கமாக இருந்தது, அடித்துவிட்டேன். மேடத்தின் முன்னால் இதைப் படித்துக் காட்ட முடியாது.

அதே நேரத்தில் தெருமுனையில் பெட்ரோல் லாரி வந்து — அடித்துவிட்டேன்.

நடந்தது சாதாரணம். இறங்கிய கார் மறுபடி மேலே ஏற வேண்டும். ஏற்றத்தில் தள்ள எல்லாக் கையும் வேண்டும். டாக்டரும் இறங்கி வந்தார். அண்ணன் சுற்றுமுற்றும் பார்த்தார், புத்தகத்தைக் கார் கூரைமேல் வைத்தார், சட்டைக் கையை மடித்தார். வாங்க வந்தவரும் வேறு வழியில்லாமல் ஒரு மூலையைப் பிடித்தார்.

"ஸ்டியரிங் பிடிக்க ஒரு ஆள் வேணுமே. லேசான ஆளா இருந்தா நல்லது" என்றார் மாஸ்டர்.

எல்லோரும் திரும்பினார்கள். வேடிக்கை பார்க்கக் கீழே இறங்கி வந்திருந்த அந்தப் பெண், நடு ரோட்டில் பேனா மூடியைத் தேடினாள்.

"பாப்பா, வா. ஏறு" என்றார் மேடம்.

ஏறினாள். ஏறாமல் என்ன செய்வது, ஆறேழு பேர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பதைவிட முதுகைக் காட்டிக்கொண்டு உட்காருவது எவ்வளவோ மேல். கார் மேலே ஏறியது. பாதி ஏற்றத்தில் அண்ணன், "நிறுத்தும்மா, மூச்சு வாங்குது" என்றார். அவள் பிரேக்கை மிதித்தாள். கல் மாதிரி இருந்தது. அதைவிடக் கல்லாக மிதித்தாள். நின்றது.

"சரி, இப்பவே பேசி முடிச்சுடலாம்" என்று பின்னால் அண்ணன் குரல். "விக்கறதா, வேண்டாமா?"

"வகுப்பு நடந்துட்டிருந்தா வாயே திறக்க மாட்டேன்னு சொன்னே."

"இது வகுப்பா?"

"உள்ள ஒரு பொண்ணு ஓட்டறா, வெளிய நாம தள்றோம். இதுக்குப் பேர் வேற என்னண்ணா?"

அண்ணன் வாயைத் திறந்தார். மூடினார். வாங்க வந்தவரைப் பார்த்தார். "என்னை எதுவும் கேக்காதீங்க, எனக்குக் கை வலிக்குது" என்றார் அவர்.

"பாப்பா, பிரேக்கை எடு!" என்றார் மேடம்.

அவள் எடுக்கவில்லை. காலை எடுத்தால் இந்த வண்டியின் மொத்தப் பாரமும் அந்தக் கைகளின் மேல் விழும். கண்ணாடியில் பார்த்தாள். நினைத்துக்கொள்ளத் தேவையில்லாத நிஜக் கண்ணாடி. அதில் மாஸ்டரின் வழுக்கை, டாக்டரின் வீங்கிய தாடை, அண்ணனின் சிவந்த முகம். நடுவில் மேடம், எதையும் மிதிக்காமல், இரண்டு காலையும் ரோட்டில் நன்றாக ஊன்றிக்கொண்டு.

"எடு பாப்பா. நாங்க பிடிச்சிருக்கோம்."

இது கடைசித் தாள். இதற்கு மேல் பின்அட்டைதான். அதிலும் அந்தக் கோட்டுக்காரர்தான் நிற்கிறார், அவர் நகர்வதாக இல்லை.

[போன் அடிக்கிறது. காலையிலிருந்து இப்படித்தான், எல்லாம் புதுச் சேர்க்கை. தள்ளுகிற வகுப்பா, ஓட்டுகிற வகுப்பா என்று கேட்பார்கள். மேடம் வேறு உள்ளேயிருந்து, "பாப்பா, போன்!" என்கிறார்.]

நான் எழுந்துதான் ஆக வேண்டும். அதுவரை கொஞ்சம் இந்தப் பக்கம் வந்து, இந்தப் பிரேக்கை மிதித்துக்கொள்ளுங்கள். பலமாக. ஆம், அப்படித்தான். பின்னால் அவர்கள் காத்திருக்கிறார்கள். எடுக்கச் சொன்னால் எடுத்துவிடுங்கள்.